வடக்குக் குழிக்கு ஓர் ஆள்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எந்தச் சபையில் வேண்டுமானாலும் கையடித்துச் சத்தியம் செய்யலாம். ஒரு மனிதருடைய சாவைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்?

"கையை நீட்டுங்க. அந்தக் கை இல்ல, இன்னொண்ணு," என்றாள் மகள்.

உள்ளறையில் அப்பா சாகக் கிடந்தார். கூடத்தில் அவள் தன் கணவனை அப்பாவின் பழைய ஓவராலுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாக வரும் சாம்பல் நிற உடுப்பு அது. அப்பா ஒல்லி. கணவனை அப்படிச் சொல்ல முடியாது. காலையிலேயே இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, கையில் கிடைத்த பூப்போட்ட திரைத்துணியை இடையில் வைத்துத் தைத்திருந்தாள். தையல்தான் அவள் தொழில். யாரையும் எந்த உடுப்புக்குள்ளும் நுழைத்துவிடுவாள் என்று ஊருக்குள் பெயர். அப்படியும் ஜிப் வயிற்றுப் பக்கம் வந்ததும் நின்று யோசித்தது.

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டுத்தாம்மா இருக்கேன். இன்னும் இழுத்தா மாமாவுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா மாப்ள உங்களுக்கு?" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை. "எங்க அண்ணன் போட்டா அந்தத் துணிக்கே ஒரு மரியாதை இருக்கும். உங்க உடம்புல ஏறினதும் தலகாணி உறை மாதிரி ஆயிடுச்சு."

அவன் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவன். காலமெல்லாம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியதில், சாப்பிடும்போதும் தூங்கும்போதும்கூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்த அன்றே அப்பா அதைக் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு 'பிரேக்' என்று பெயர். அவன் பெயர் வேறு ஏதோ என்பது அவன் பெற்றோருக்கே மறந்துபோயிருக்கலாம். மாமனாரும் மருமகனும் அதற்குப் பிறகு பேசிய பேச்சை எல்லாம் சேர்த்து எழுத ஒரு தபால் தலையின் பின்பக்கம் போதும்.

இந்த வேஷத்துக்குக் காரணம் டாக்டரம்மா.

அந்த வாரத் தொடக்கத்தில் வந்து பார்த்தவர், நாடியைப் பிடித்து, கண் இமையை விலக்கி, "நாளைக்குள்ள முடிஞ்சுடும், சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கலே தெரிந்தது. "இதயம் எப்பவோ நின்னிருக்கணும்மா. எது பிடிச்சு வெச்சிருக்குன்னு எனக்கே புரியல. இவருக்கு ஏதாவது பாக்கி இருக்கா, மனசுல?"

எது பிடித்து வைத்திருக்கிறது என்பது மகளுக்குத் தெரியும். கண் திறக்கும்போதெல்லாம் அப்பா அதைத்தான் கேட்டார்.

"ரிலீவர் வந்தாச்சா?"

ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்கில்தான் அப்பாவுக்கு வேலை. அணுமின் நிலையமும் ஆஸ்பத்திரிகளும் பயன்படுத்திக் கழித்த கதிர்வீச்சுக் கழிவை இரும்புப் பீப்பாய்களில் அடைத்து, பூமிக்குள் கட்டிய கான்கிரீட் குழிகளில் இறக்கி, மூடி போட்டு வைத்திருக்கும் இடம். வாசலில் 'தற்காலிகக் கிடங்கு' என்று பலகை. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பலகை கிழடு. எழுத்து மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே பெயின்ட் பூசிப் பூசி, 'தற்காலிக' மட்டும் பலகையை விட்டு ஒரு விரற்கடை புடைத்து நின்றது. கண் தெரியாதவர்கள்கூடத் தடவிப் படித்துவிடலாம். பீப்பாய்க்கு ஒரு மனிதனின் ஆயுசுகூடக் கிடையாது, துருப்பிடித்துவிடும். உள்ளே இருக்கும் சரக்குக்கோ பேரன் பேத்திகளைத் தாண்டி, அவர்கள் பேசப்போகும் மொழியையும் தாண்டி ஆயுசு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது அப்பாவும் ஒரு பம்பும்.

வடக்குக் குழிதான் இருப்பதில் பள்ளமானது. அதன் சுவர் வழியாக நிலத்தடி நீர் ஊறும். ஊறும் தண்ணீரைப் பம்பு உறிஞ்சிப் பக்கத்துத் தொட்டிக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் தண்ணீர் பீப்பாயைத் தொடும், தொட்டால் அரிக்கும், அரித்தால் வழிந்து ஓடைக்குப் போகும். பாதி ஊர் குடிப்பது அந்த ஓடையைத்தான். மற்றப் பாதி குளிப்பது.

கிடங்கில் ஒரு முறை உண்டு. தன் இடத்துக்கு அடுத்த ஆள் வராமல் யாரும் வெளியே போகக் கூடாது. வருகிற ரிலீவரிடம், போகிறவர் நிலவரத்தை வாயால் சொல்ல வேண்டும். அவர் அதை அப்படியே, ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் "இடம் உங்களோடது" என்று போகிறவர் சொல்வார். "இடம் என்னோடது" என்று வந்தவர் சொல்வார். அதற்கு அப்புறம்தான் வீடு. மகள் பிறந்த அன்று ரிலீவருக்குக் காய்ச்சல். அப்பா அவள் முகத்தைப் பார்க்க வந்தபோது அவள் கண் திறந்து, குப்புற விழவே பழகிவிட்டிருந்தாள் என்று அத்தை சொல்வாள். அத்தை சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

அப்பாவின் கடைசி வேலை நாளில் ரிலீவர் வரவில்லை. அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒரு விளக்குப் பலகையை மாட்டி, பச்சை எரிந்தால் நலம், சிவப்பு எரிந்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும், இனி ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். "ஆள் வரட்டும், போறேன்," என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காவலாளிகள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து வாசலுக்கு வெளியே வைத்துக் கதவைப் பூட்டினார்கள். அப்பா அந்த நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவர் கணக்கில் அவருடைய ஷிப்ட் முடியவே இல்லை. தினம் சாயங்காலம் கிடங்கு வேலியோரம் போய் நின்று பம்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவார். நடை தளர்ந்த பிறகு கட்டிலில் படுத்தபடியே கேட்டார். கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்தையும் ரயில் பாதையும் ஓட்டுநர் பள்ளியும் இருந்தன. ஆனாலும் கேட்டார்.

படுக்கையில் விழுந்தவர் ஒருநாள், "பாப்பா, சத்தம் நின்னுடுச்சு," என்றார். ஜுரத்தில் உளறுகிறார் என்று அவள் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டாள். அன்றிலிருந்துதான் ரிலீவர் பேச்சு.

"ரிலீவர் வராமப் போக மாட்டாருன்னா, ஒரு ரிலீவரக் காட்டிட்டாப் போச்சு," என்று அவள்தான் முடிவெடுத்தாள். அத்தைக்கு வயதாகிவிட்டது. அக்கம்பக்கத்தாரைக் கேட்கக் கூச்சம். மிச்சம் இருந்தது பிரேக்.

"என்னையப் பார்த்தா மாமாவுக்குக் கோவம் வந்து எந்திரிச்சே உட்கார்ந்துடுவாரும்மா."

"உங்களை யாரு பேசச் சொன்னா? அவர் சொல்றதத் திருப்பிச் சொல்லணும், அவ்வளவுதான். கிளி செய்யுற வேலை."

ஜிப் ஏறியது. செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிட்டாள். கிடங்கில் கால் உறை இல்லாமல் குழிப் பக்கம் போக முடியாது. அப்பா முதலில் காலைத்தான் பார்ப்பார். ஒரு பையில் ஏதோ கடையின் தள்ளுபடி விளம்பரம் இருந்தது. அதை உள்பக்கம் திருப்பினாள்.

உள்ளறையில் மருந்து வாடையும் வெயிலில் காய்ந்த போர்வை வாடையும் கலந்திருந்தன. அப்பா சுவர்ப் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். அவருடைய மூச்சு, கனமான ஒரு பொருளை யாரோ மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறக்குவதைப் போல விட்டுவிட்டு வந்தது.

"அப்பா. ரிலீவர் வந்தாச்சு."

கண் திறந்தது. தலை திரும்பியது. பார்வை நேரே காலுக்குப் போய், பைகளின் முடிச்சில் கொஞ்சம் தங்கி, மெதுவாக மேலே ஏறியது. இடுப்புப் பக்கம் பூப்போட்ட துணியில் ஒருமுறை தடுக்கியது.

"லேட்டு," என்றார் அப்பா.

"வண்டி கிடைக்கல சார்."

கிளி தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"மேற்குக் குழி காஞ்சிருக்கு."

"மேற்குக் குழி காஞ்சிருக்கு."

"நடுக் குழி மூடியில விரிசல். கட்டவிரல் நுழையாது."

"நடுக் குழி மூடியில விரிசல், பெருசா ஒண்ணுமில்ல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "பெருசா ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேனா?" என்றார்.

"இல்ல சார்."

"கட்டவிரல் நுழையாது."

"கட்டவிரல் நுழையாது."

"நாளைக்கு ஒருத்தன் வந்து விட்டுப் பார்த்து நுழைஞ்சுடுச்சுன்னா, இன்னிக்கு நுழையலன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் சொல்றது. அலங்காரத்துக்கு இல்ல."

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது. "அலங்காரத்துக்கு இல்ல," என்றான் மெதுவாக.

"வடக்குக் குழியில தண்ணி ஊறுது. உள்ள ஒரு மிதவை இருக்கு. தண்ணி ஏறினா அது ஏறும், அது ஏறினா பம்பு ஓடும்."

அவன் திருப்பிச் சொன்னான். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"மிதவை சிக்கிக்கும். அது பழசு. சிக்கினா பம்பு ஓடாது. ஆனா பலகையில பச்சை எரியும்." அப்பாவின் மூச்சு இரண்டு படி சேர்ந்தாற்போல் இறங்கியது. "பச்சையப் பார்க்காத. சத்தத்தக் கேளு. சத்தம் இல்லன்னா சங்கிலியப் பிடிச்சு மிதவைய மேல தூக்கு. இப்ப சத்தம் இல்ல."

"மிதவை சிக்கிக்கும். அது பழசு. சிக்கினா பம்பு ஓடாது. ஆனா பலகையில பச்சை எரியும். பச்சையப் பார்க்காத. சத்தத்தக் கேளு. சத்தம் இல்லன்னா சங்கிலியப் பிடிச்சு மிதவைய மேல தூக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப சத்தம் இல்ல."

அவன் குரல் மாறியிருந்ததை அவள் கவனித்தாள். கற்றுக்குட்டி வண்டியை எடுத்து நேரே சுவரைப் பார்த்து ஓட்டும்போது, பதறாமல் பேசுவானே, அந்தக் குரல்.

"இடம் உங்களோடது," என்றார் அப்பா.

"இடம் என்னோடது."

அப்பா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்திருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

"நீ பிரேக்தானே?"

கதவோரம் நின்ற அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா மாமா."

அப்பா யோசித்தார். கண்கள் கூரையில் எதையோ தேடி, கிடைத்ததும் விட்டுவிட்டாற்போல இருந்தது.

"சரி. ஆள் வந்தாப் போதும்," என்றார்.

பிறகு மகள் பக்கம் திரும்பி, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று அவளைக் கிட்டே வரவிடாமல் சொல்வாரே, அதே கறாரில், "இரு பாப்பா, கை கால் கழுவிட்டு வந்துடறேன்," என்றார்.

அவள் காத்திருந்தாள். மூச்சு அடுத்த படியில் இறங்கும் என்று காத்திருந்தாள். சந்தைப் பக்கம் யாரோ பெட்டிகளை அடுக்கும் சத்தம் வந்தது. அத்தை உள்ளே வந்து போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். பிரேக் அந்த இடத்திலேயே நின்றான், தான் உட்காரலாமா கூடாதா என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதைப் போல.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "அப்பாடா," என்று சொல்லி, சொன்னதற்காக உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கூடத்திலிருந்த சாமான்களை ஒதுக்கி, அப்பாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் தெருவரை போயிருந்தன. வந்தவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள், பிறகு தெருவில் போய் மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. நிம்மதியாகப் போய்விட்டார், ஏமாற்றித்தான் அனுப்பினோம், ஆனாலும் நிம்மதியாகப் போனார் என்ற நினைப்பு மட்டும் தைக்காத பொத்தானைப் போல உள்ளே ஆடிக்கொண்டிருந்தது.

கிடங்கு மேலாளர் பெரிய மலர் வளையத்தோடு வந்தார். நல்ல மனிதர். வளையத்தை வைத்துவிட்டு உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க இடத்துக்கு அவர் ஒரு தூண்மா."

"சார், வடக்குக் குழியில பம்பு ஓடுதா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் கைவசம் இருந்தது. "கவலையே படாதீங்க. பலகை மாட்டின நாள்லேர்ந்து பச்சைதான். ஒரு தடவகூட மாறினதில்ல. போன மழைக்காலத்துல ஊரே மிதந்துச்சே, அப்பக்கூடப் பச்சை."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"மிதவை சிக்கியிருந்தாலும் பச்சைதான் எரியும்னு அப்பா சொன்னாரு. யாராவது உள்ள போய்ப் பார்க்க முடியுமா?"

"பார்க்கலாம்மா, கண்டிப்பாப் பார்க்கலாம். சாவிதான்..." குரலைத் தாழ்த்தினார். "சாவி வெச்சிருந்த அலுவலகம் இடம் மாறிடுச்சு. எங்க மாறிச்சுன்னு எழுதிக் கேட்டிருக்கோம். இந்த நேரத்துல நீங்க இதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க."

வண்டி வந்து நின்றது. தூக்க வேண்டிய நேரம்.

"எங்கடி உன் பிரேக்?" என்றாள் அத்தை. "காலைலேர்ந்து ஆளையே காணோம். பொண்ணைக் கட்டினவன் இல்லாம எப்படித் தூக்குறது? இன்னிக்காவது கால்ல பிரேக்க எடுத்துட்டு ஓடி வரக் கூடாதா?"

மகள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். கட்டிலின் காலடியில், நேற்று அவன் கழற்றி மடித்து வைத்த இடத்தில், ஓவரால் இல்லை. பிளாஸ்டிக் பைகளும் இல்லை.

அவள் சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வெளியே வந்து, "அவர் வேலையா இருக்காரு அத்தை. நாம தூக்கலாம்," என்றாள்.

"வேலையா? மாமனார் சாவ விட வேலையா?"

"ஆமா அத்தை."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பி, தோள் கொடுக்க ஆள் கூப்பிட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது இன்னும் பொழுது சாயவில்லை. மகள் வீட்டுக்கு வந்து குளித்தாள். சம்படத்தில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டாள். சந்தையைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள்.

கிடங்கு வேலியோரம் ஓரிடத்தில் மட்டும் புல் முளைக்காமல் தரை வழவழவென்று இருந்தது. அப்பா நிற்கும் இடம். அதை ஒட்டி ஓட்டுநர் பள்ளியின் கார், தலையில் பயிற்சி வண்டி என்ற பலகையோடு நின்றது. வேலிக் கம்பி கீழ்ப்பக்கம் பிய்ந்து, ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு வளைந்திருந்தது. பிரேக் நுழைந்த இடமென்றால் அவள் நுழைவதில் சிரமமில்லை.

குனியும்போதுதான் அவளுக்கு அது கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவனைப் போன்ற சத்தம். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

களைச் செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கான்கிரீட் மூடிகளின் விரிசல்களிலும் வளர்ந்திருந்தன. நடுக் குழியைக் கடக்கும்போது அவள் குனிந்து விரிசலில் கட்டைவிரலை வைக்கப் போனாள். வைக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. முழங்கை நுழையும்.

வடக்குக் குழியின் மூடியில் பார்வைத் துளை திறந்திருந்தது. அதன் ஓரம் பிரேக் உட்கார்ந்திருந்தான். துளைக்குள்ளிருந்து ஒரு சங்கிலி வந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, வடம் இழுப்பவனைப் போலப் பின்னால் சாய்ந்திருந்தான். ஓவராலின் தையல் இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. பக்கத்துச் சுவரில், பலகையில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது."

"யார் தூக்கினா?"

"உங்ககிட்ட வண்டி கத்துக்கறவங்க நாலு பேர்."

அவன் முகம் கவலையானது. "வேகமாப் போனாங்களா?"

"இல்ல. ரொம்ப மெதுவா. தெரு திரும்பும்போது முன்னாடி இருந்தவர் கையக் காட்டினாரு."

அவன் தலையாட்டினான். அது சரிதான் என்பதைப் போல. கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை.

"அவரு சொன்னது அத்தனையும் அப்படியே இருந்துச்சும்மா," என்றான். "நான் வரும்போது பீப்பாயெல்லாம் தண்ணிக்குள்ள. இப்ப மேல் வரிசை தெரியுது. சிலதுக்கு மூடியே இல்ல. ரொட்டிய எலி தின்ன மாதிரி இருக்கு."

"கைய விட்டா?"

"நின்னுடுது. விட்டுப் பார்த்தேன். பெல்ட்டால கட்டியும் பார்த்தேன், அறுந்துடுச்சு."

"ஆபீசுக்குச் சொன்னீங்களா?"

"இங்க வந்ததுமே போன் பண்ணிட்டேன். பலகையில என்ன எரியுதுன்னு கேட்டாங்க. பச்சைன்னேன். அப்ப புகார் எடுக்க முடியாது, சிவப்பு வந்ததும் கூப்பிடுங்க, நன்றின்னாங்க."

"அதுக்கு என்ன சொன்னீங்க?"

"நானும் நன்றின்னேன்."

அவள் அவனைப் பார்த்தாள். நேற்று அவனுக்கு அவள் சொன்னது, கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று. அவன் ஓவராலின் காலில் முழங்காலுக்கு மேலே ஒரு ஈரக் கோடு இருந்தது. காய்ந்து, வெள்ளைப் படிவமாக ஓரம் கட்டியிருந்தது. கால் உறையாகக் கட்டிய பைகளில் ஒன்று கிழிந்து தொங்கியது.

"நனைஞ்சீங்களா?"

அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான். "சங்கிலி உள்ள விழுந்து கிடந்துச்சு. பீப்பாய் மேல இறங்கித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு," என்றான். பிறகு, "கொஞ்சம்," என்றான்.

அவள் சம்படத்தைத் திறந்தாள்.

"இங்க வெச்சுட்டு நீ போம்மா. கிட்ட நிக்காத. யாராவது வந்ததும் நான் வந்துடறேன்."

"எந்தக் கையால சாப்பிடுவீங்க?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். சங்கிலியின் துரு மணிக்கட்டுவரை செம்மண்ணாக ஏறியிருந்தது.

"வாயத் திறங்க," என்றாள்.

ஒரு கவளம் ஊட்டினாள். அவன் கையில் படாமல், துணியில் படாமல், வாய்க்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மென்றான். பம்பு செருமியது. அடுத்த கவளம். துளைக்குள்ளே தண்ணீர் ஒரு மயிரிழை இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருந்திருக்கலாம். அவன் சாப்பிடும்போது தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்படத்தை மூடும்போது மூடியின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. தள்ளி இன்னொன்று. வெயிலில் கிடந்த கான்கிரீட்டில் வட்ட வட்டமாகக் கறுத்து, உடனே காய்ந்து, மறுபடி கறுத்தது. வடக்கே வானம் ஈரத் துணியைப் பிழியாமல் தொங்கவிட்டதைப் போல இருந்தது.

அவள் சம்படத்தைத் தரையில் வைத்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்கு எதிர்ப்பக்கம் காலை ஊன்றி உட்கார்ந்து, அவன் கைகளுக்குக் கீழே சங்கிலியைப் பிடித்தாள். சங்கிலி சில்லென்று இருந்தது.

ஊரின் வரைபடத்தில் அந்த இடத்தில் கிடங்கு என்று எதுவும் கிடையாது. குழந்தைகள் பூங்காவுக்கு ஒதுக்கிய காலி நிலம் என்றுதான் போட்டிருக்கிறது.